1 கோடி ஆல்பம் வித்தவரைச் சாய்ச்சது சம்பளப் பட்டியல்!

அப்ரைசல் சீசன் வந்தாச்சு. இந்த சீசன்ல நம்ம சேனலுக்கு அதிகமா வர்ற கேள்வி ஒண்ணுதான்: "சார், போனஸ் வரப்போகுது. அதை டவுன் பேமென்ட்டா கட்டி கார் எடுக்கலாமா?" பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஹிப் ஹாப் ஆல்பத்தோட வரவு செலவைப் பார்த்துடலாம்.

எம்.சி. ஹேமர். அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்து ராப் பாடகர். 1990-ல் வந்த அவருடைய 'ப்ளீஸ் ஹேமர் டோன்ட் ஹர்ட் எம்' ஆல்பம், பில்போர்டு பட்டியலில் மொத்தம் 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் 1 கோடி பிரதிகளுக்கான 'டைமண்ட்' சான்றிதழ் வாங்கிய முதல் ஹிப் ஹாப் ஆல்பம் அதுதான். அதில் பெரும்பகுதியை டூர் பஸ்ஸில் அமைத்த சின்ன ஸ்டுடியோவிலேயே பதிவு பண்ணினாங்க. செலவு கொஞ்சம், வரவு மலை மாதிரி. ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவர் மதிப்பை 3.3 கோடி டாலர்னு கணக்குப் போட்டது.

1996 ஏப்ரலில் அவர் திவால் மனு தாக்கல் செய்தார். கடன் 1.3 கோடி டாலருக்கும் மேல்.

இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் ஃப்ரீமான்ட்டில் அவர் கட்டின மாளிகையையும், வாங்கின பந்தயக் குதிரைகளையும் காட்டுவாங்க. "ஆடம்பரம் பண்ணார், அழிஞ்சார்"னு முடிச்சிடுவாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்லிட்டா நாம ஈஸியா தப்பிச்சிடறோம். நமக்கு மாளிகையும் கிடையாது, குதிரையும் கிடையாது. அப்போ இது நம்ம கதை இல்லைன்னு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவோம்.

ஒரு ஆடிட்டரா என் கண்ணு போற இடம் வேற. உச்சத்தில் இருந்தப்போ ஹேமரிடம் சுமார் 200 பேர் சம்பளம் வாங்கினாங்க. டான்ஸர், இசைக்கலைஞர், பாதுகாப்பு, உதவியாளர்னு பெரிய பட்டாளம். மாதச் சம்பளச் செலவு சுமார் 5 லட்சம் டாலர்னு அந்தக் காலத்துச் செய்திகள் சொல்லுது. வருஷத்துக்கு 60 லட்சம்!

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். சம்பளச் செலவுக்குக் கிடைக்கும் வரிக்கழிவு, ஏஜென்ட் கமிஷன் மாதிரி விஷயங்களை இதுல விட்டுடறேன். 3.3 கோடியில் மத்திய, மாநில வரின்னு 40% போனா கையில் நிற்பது சுமார் 2 கோடி. மாளிகைக்கு 1 கோடிக்கும் மேல் ஆச்சு. மிச்சம் 1 கோடின்னு வெச்சுக்கோங்க. அதை மாசம் 5 லட்சமா எடுத்தா எத்தனை மாசம் வரும்? 20 மாசம். அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல அவர் தோல்விப் படைப்பு எதையும் கொடுத்துடல. 1991-ல் வந்த அடுத்த ஆல்பமும் ஹிட்தான். 30 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் வாங்கிச்சு. எந்தப் பாடகரும் அதை வெற்றின்னுதான் சொல்வார். ஆனா அவருடைய மாதச் செலவு 1 கோடி பிரதி விற்கும்ங்கிற கணக்கில் கட்டப்பட்டது. விற்பனை இறங்கின வேகத்தில் சம்பளப் பட்டியல் இறங்கலை. வெற்றி வந்தும் பத்தலைங்கிற நிலைமை அதுதான்.

அந்த 200 பேரை ஏன் வெச்சிருந்தார்? ஓக்லண்டில் தன்கூட வளர்ந்தவங்களுக்கு, வாய்ப்பில்லாதவங்களுக்கு வேலை கொடுக்கணும்னுதான்னு அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கார். நல்ல மனசு. இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா இதே மனசு உள்ளவங்கதான் என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற பாதிப் பேர். வீட்டுல முதல் தலைமுறை மாதச் சம்பளக்காரர். தம்பியோட காலேஜ் ஃபீஸ், அக்கா கல்யாணக் கடன், ஊர்ல வீடு, இதெல்லாம் அவங்க தோள்லதான். சம்பளம் ஏறின மாசமே "இனிமே மாசம் 10,000 நான் பார்த்துக்கறேன்மா"ன்னு வாக்கு கொடுத்துடுவாங்க. ஏறினது நிரந்தரச் சம்பளமா, ஒரு தடவை போனஸான்னு யாரும் பிரிச்சுப் பார்க்கறதில்லை.

குடும்பத்துக்குச் செய்யாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். எந்தப் பணத்தில் எந்த மாதிரி செய்யறீங்கங்கிறதுதான் கேள்வி. என் கருத்து மூணு வரியில்:

ஒரு தடவை வர்ற பணத்தை, ஒரு தடவையோட முடியற காரியத்துக்குப் பயன்படுத்துங்க. போனஸ், ஷேர் விற்ற பணம், ஆன்சைட் அலவன்ஸ் எல்லாம் இந்த ரகம். இருக்கிற கடனை அடைங்க, ஒரு வருஷ ஃபீஸை மொத்தமா கட்டுங்க, எமர்ஜென்சி ஃபண்டை நிரப்புங்க.

மாசா மாசம் போற எந்த வாக்கையும் பேங்க் அக்கவுண்ட்டுக்கு நிச்சயமா வர்ற சம்பளத்தை வெச்சு மட்டும் கொடுங்க. இஎம்ஐ, வாடகை, வீட்டுக்கு அனுப்பறது எல்லாமே இதுல அடக்கம். சிடிசி கணக்கு இதுக்கு உதவாது. அதில் கம்பெனியோட பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, வேரியபிள் பே எல்லாம் சேர்ந்திருக்கும். ஹேமருக்கும் இப்படி ஒண்ணு நடந்தது. அவருடைய மிகப் பெரிய ஹிட் பாட்டின் இசை ரிக் ஜேம்ஸ் பாட்டிலிருந்து எடுத்தது. வழக்கு வந்து, சமரசமாகி, ரிக் ஜேம்ஸுக்கும் பாடலாசிரியர் உரிமை போச்சு. பேப்பர்ல தெரியற தொகை முழுசும் நம்மது கிடையாது.

வரியை வந்த அன்னைக்கே ஒதுக்குங்க. ஹேமருக்கு திவாலுக்குப் பிறகும் வரித்துறையோட பல வருஷம் இழுபறி இருந்தது. உங்களுக்கு ஃப்ரீலான்ஸ், யூடியூப் வருமானம் இருந்து, டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ இருந்தா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச்னு நாலு தவணை, ஒவ்வொண்ணுக்கும் 15-ம் தேதி கடைசி. தவறினா வட்டி ஓட ஆரம்பிச்சுடும்.

இப்போ கார் கேள்விக்கு வருவோம். டவுன் பேமென்ட்டை போனஸ் கட்டிடும். அடுத்த 60 மாச இஎம்ஐயை யார் கட்டுறது? போனஸே வராதுன்னு வெச்சுக்கிட்டு, இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ் சேர்த்துக் கணக்குப் போடுங்க. அப்பவும் மாசக் கடைசியில் கை கடிக்கலைன்னா தாராளமா எடுங்க. கடிக்கும்னா இன்னொரு அப்ரைசல் வரைக்கும் பொறுங்க. "உங்களுக்கு இவ்வளவு லோன் கிடைக்கும்"னு பேங்க் சொல்றதை நம்பி இறங்காதீங்க. பேங்க் பார்க்கிறது தன் பணம் திரும்ப வருமான்னு. உங்க வீட்டு மளிகைக்கு மிஞ்சுமான்னு பார்க்க வேண்டியது நீங்கதான்.

ஒரு சின்ன வேலை தர்றேன். கைக்கு வர்ற சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஏற்கெனவே யாருக்காவது வாக்கு கொடுத்தாச்சுன்னு இன்னைக்கு உட்கார்ந்து கூட்டிப் பாருங்க. தொகை வேண்டாம், சதவீதத்தை மட்டும் கமெண்ட்ல போடுங்க. பாதியைத் தாண்டினவங்களுக்காக, எதை முதல்ல குறைக்கலாம்னு தனியா ஒரு வீடியோ போடறேன்.