ஏரியும் குடமும்

காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டார ஏரிகளைப் பெருமையோடு குறிப்பிடாத இலக்கிய அன்பர் அரிது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்து ஏரி வாரியம் இருப்பதை எடுத்துச் சொல்லி மகிழ்வோம். சில மாத மழையை ஆண்டு முழுமைக்கும் ஆக்கிக்கொள்ளும் கணக்கு அது. அதே கணக்கை மின்சாரத்துக்கு நாம் போடத் தவறினோம்; தவறியதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதே என் கேள்வி.

2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு என்பவர், குழித்தறி போட்ட உள்ளறையில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். அறுந்த பட்டிழையைக் கண்டுபிடித்து முடியவும், கோர்வையில் கரையும் உடலும் பிசகாமல் சேரவும் வெளிச்சம் வேண்டும். நெசவாளருக்கு 2006 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் (இன்று 300). ஆனால் இல்லாத மின்சாரத்தை இலவசமாகக் கொடுத்து என்ன பயன்? வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள்.

அந்தப் பெட்டியின் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி 1.8 யூனிட் கொள்ளும். கெடாமல் இருக்கப் பாதியைத்தான் பயன்படுத்தலாம். ஆக, ஒருமுறைக்குச் சுமார் ஒரு யூனிட். அன்று அதன் விலை பத்தாயிரத்தை ஒட்டியிருந்தது. ஆயிரம் முறை உழைத்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இலவசமாக வந்த யூனிட்டைத் தேக்கிவைக்கப் பத்து ரூபாய்! மின்தேக்கத்துக்கு மதிப்பில்லை என்று வாரியம் இருந்தபோது, அதன் மதிப்பை வீட்டுக்கு வீடு ரொக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் வழி தெரியாத மாநிலமல்ல இது. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1987க்கும் 1989க்கும் இடையில் இயங்கத் தொடங்கியது, 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்றின் நீரை மேலே ஏற்றி, தட்டுப்படும் நேரத்தில் இறக்கவேண்டும். இத்தகைய நிலையங்களில் நான்கு யூனிட் செலவிட்டால் ஏறக்குறைய மூன்று திரும்பும். நட்டம்போலத் தோன்றும். இரண்டு ரூபாய்க்கு நான்கு வாங்கி, பத்து ரூபாய்க்கு மூன்று விற்றால் எட்டு ரூபாய் முப்பதாகிறது. இது வெறும் கற்பனையன்று: மின்சந்தையில் யூனிட்டுக்கு உச்சவரம்பு பத்து ரூபாய், 2025 மே மாதத்திலோ பகல்நேர விலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது. 2012இல் தமிழகத்தில் சுமார் 7,000 மெகாவாட் காற்றாலைகள் நின்றன. நீரேற்று நிலையமோ அந்த ஒன்றே.

காற்றாலை உரிமையாளர்களுக்கு மட்டும் ஒரு தேக்கம் இருந்தது. ஆனியில் வலைப்பின்னலுக்குக் கொடுத்ததை, சிறு பங்கு கழித்து, மார்கழியில் திரும்பப் பெறலாம். ‘பேங்கிங்’ என்று பெயர். கணக்குப் புத்தகத்தில் மட்டும் நீர் நிறைந்த ஏரி அது. மார்கழியில் உண்மையான மின்சாரத்தை வாங்கவோ உற்பத்தி செய்யவோ வேண்டியது வாரியம்.

பேட்டரி ஆர்வலர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். பேட்டரி ஏரியன்று, குடம். தென்மேற்குக் காற்றைத் தைக்கு எடுத்துவைக்க அதனால் ஆகாது; நண்பகல் வெயிலை இரவு எட்டு மணிக்கு எடுத்துவைக்க ஆகும். அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் ஆக விலையுயர்ந்தது என்பதால் குடமே போதும். குடத்தின் விலையும் சரிந்துவிட்டது. 2022இல் மத்திய அரசு நிறுவனமான செக்கியின் ஏலத்தில், இரண்டு மணி நேரத் தேக்கத்துக்கு மெகாவாட் ஒன்றுக்கு மாத வாடகை சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2024 இறுதியில் ராஜஸ்தானில், மானியத்தின் துணையோடு, 2.21 லட்சம்.

இனி ஒழுங்குமுறை ஆணையம் தேக்கத்தின் செலவை எடைபோடுகையில், மறுதட்டில் மின்சந்தை விலையை மட்டும் வைத்தல் போதாது. துணைமின்நிலையத்தில் ஒரு பேட்டரி இருந்தால் தெருவில் எத்தனை இன்வெர்ட்டர்கள் வேண்டியிராது என்பதையும் வைக்கவேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலிருந்தே அந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கலாம்.