வயசும் இல்லை, வாயுவும் இல்லை

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நம் பெரியநாயக்கன்பாளையத்தில் "முழங்கால் கடுக்குதுங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். பேக்கரி முன்னால் டீ குடித்துக்கொண்டிருக்கும் நான்கு பேரில் இரண்டு பேர் "வயசாச்சுங்க, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். மூன்றாமவர் "அது வாயுங்க, உருளைக்கிழங்கை நிறுத்துங்க" என்பார். நான்காமவர் மெடிக்கல் ஷாப்பில் என்ன மாத்திரை கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கறீங்க?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் இந்த வட்டாரத்தின் பெரிய நோய் என்பது என் கட்சி.

நான் டாக்டர் அல்ல. ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் லீவு, யாருக்கு அரை நாள் சம்பளம் என்பதெல்லாம் என் மேஜை மேல்தான் நடந்தது. ஸ்பின்னிங் டிபார்ட்மென்டில் நாற்பது வயது தாண்டியவர்களின் லீவு சீட்டில் பெரும்பாலும் "காய்ச்சல்" என்று இருக்கும். நேரில் கேட்டால், "காய்ச்சல் எல்லாம் இல்லீங்க, முழங்கால்தானுங்க. அதை எழுதினா மேஸ்திரி ஒத்துக்க மாட்டாருங்க" என்பார்கள். கால் வலியை ஒரு காரணமாகவே நிர்வாகம் ஏற்கவில்லை. அதனால் ரிஜிஸ்டரில் அந்த வலி ஏறவே இல்லை. எழுத்தில் ஏறாத வலியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதும் இல்லை.

நம் மாவட்டத்தின் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. 1962-இல் நூற்பு இயந்திரங்களையே செய்ய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியது. பம்ப்செட், வெட்கிரைண்டர், பவுண்டரி, லேத் பட்டறை என்று வீதிக்கு வீதி தொழில் வளர்ந்தது. இந்தப் பெருமையை எல்லா மேடைகளிலும் பேசுகிறோம். அந்த மெஷின்களின் முன்னால் சிமென்ட் தரையில் நின்ற கால்களைப் பற்றி எந்த மேடையில் பேசியிருக்கிறோம்?

ரிங் ஃபிரேமில் சைடு பார்க்கிறவர் ஷிப்ட் முழுக்க ஃபிரேம்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். டாஃபிங் செய்கிறவர் குனிந்து நிமிர்ந்து கொண்டே இருப்பார். லேத் ஓட்டுகிறவர் ஒரே இடத்தில் நிற்பார். பவுண்டரியில் மோல்டிங் போடுகிறவர் குத்த வைத்து உட்கார்ந்தே நாளைக் கழிப்பார். தையல்காரருக்குக் கழுத்து, மோல்டருக்கு முழங்கால், மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு, என்னைப் போல் ரிஜிஸ்டர் எழுதினவனுக்கு நடு முதுகு. எந்த இடத்தில் வலி என்று சொன்னால் போதும், அவர் என்ன வேலை பார்த்தார் என்று பாதிக்குப் பாதி சொல்லிவிடலாம். வயசு மட்டும்தான் காரணம் என்றால் அது எப்படி ஆளுக்கு ஆள் வேலையைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கிறது?

வயசுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு. உடல் எடைக்கும் உண்டு. பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு, மூட்டுத் தேய்மானம் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அசைவில் அழுந்தி, விடுபட்டு, அப்படித்தான் அது மூட்டு நீரிலிருந்து தனக்கு வேண்டிய சத்தை வாங்கிக்கொள்கிறது. எட்டு மணி நேரம் அசையாமல் நிற்பதும் அதற்குக் கேடு, எட்டு மணி நேரம் குத்த வைத்திருப்பதும் கேடு. நடுநடுவே உட்கார்ந்து எழ ஒரு வழி இருந்தால் தேய்வது தள்ளிப்போகும். அதற்கு ஆகும் செலவு ஒரு ஸ்டூல்!

அந்த ஸ்டூலைச் சட்டம் எப்போதோ கொடுத்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியுமா? 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்கள் எல்லோருக்கும், கிடைக்கிற இடைவேளையில் உட்கார வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 34-ஆவது பிரிவு, உடம்புக்குக் காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. சுதந்திரம் வந்த மறுவருடம் எழுதினது. நான் வேலை பார்த்த மில்லில் முப்பத்தோரு வருடத்தில் ஸ்பின்னிங் ஹாலில் தொழிலாளி உட்கார ஒரு பெஞ்சைக் கூட நான் பார்த்ததில்லை.

இன்னொரு சட்டத்தையும் பார்ப்போம். 2025 வரை அமலில் இருந்த 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் வேலையால் வரும் நோய்களின் பட்டியல் இருந்தது. ஈய விஷம், இரைச்சலால் காது கேட்காமல் போவது, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் எல்லாம் அதில் வந்திருந்தன. சந்தோஷம். ஆனால் தேய்ந்த முழங்காலும் மடங்கிய முதுகும் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய பட்டியலில் தசை, மூட்டு நோய்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. நெடுநேரம் மண்டியிட்டோ குத்த வைத்தோ வேலை செய்வதால் முழங்கால் சவ்வு கிழிவது வரை அதில் எழுதியிருக்கிறார்கள். உலகம் வேலையின் நோய் என்கிறது. நாம் டீக்கடையில் நின்றுகொண்டு வாயு என்கிறோம்.

மில்லை விடுங்கள், ஜவுளிக்கடைக்கு வாருங்கள். முப்பது புடவையைப் பிரித்துக் காட்டிவிட்டு, நாம் ஒன்றும் வாங்காமல் எழுந்து போன பிறகு அத்தனையையும் மடித்து வைக்கும் அம்மிணிகள் காலை முதல் ராத்திரி வரை நிற்கிறார்கள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வந்தபோது எல்லோரும் கண்ணீர் விட்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். கேரளத்தில் அப்படி விடவில்லை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி கடைப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, உட்காரும் உரிமைக்காகப் பல வருடம் போராடினார். 2018-இல் அங்கே சட்டம் மாறியது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்பது இப்போது தமிழ்நாட்டுச் சட்டம்.

சில கடைகளில் ஸ்டூலும் வந்தது. ஆனால் அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் முகம் சுளிப்பது யார்? முதலாளி மட்டுமா? நம் வயதுக்காரர்கள்தான் அதிகம். "கஸ்டமர் நிக்கறோம், அந்தப் புள்ளை உட்கார்ந்திருக்குது பாரு" என்று சத்தமாகச் சொன்ன ஒரு பெரியவரை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். அவருக்கும் முழங்கால் வலிதான், கையில் தடி வைத்திருந்தார்.

அடுத்து மாத்திரைக்காரர்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை நம் எல்லோருக்கும் பழக்கம். அந்த மருந்து கொடுத்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால் 2006-இல் மாட்டுக்கு அதைக் கொடுக்க அரசாங்கம் தடை போட்டது. மனிதனுக்குக் கழுகைப் போல் உடனே ஆபத்து வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குச் சாப்பிட்டால் நல்ல மருந்துதான். ஆனால் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் தானே வாங்கிப் போட்டால் வயிற்றில் புண், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. நம் ஊரில் பெப்பர்மின்ட் மாதிரி கிடைக்கிறது. இதை விட மோசம், பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் "மூலிகைச் சூரணம்". இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன.

"அந்தக் காலத்தில் கம்பும் களியும் தின்றோம், மூட்டு வலியே இல்லை" என்று ஒரு கோஷ்டி கிளம்பும் என்று தெரியும். அய்யா, அந்தக் காலத்தில் பண்ணையத்தில் குனிந்து களை எடுத்த ஆத்தாக்கள் அறுபது வயதில் எப்படி நடந்தார்கள் என்று ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். பாதிப் பேர் இடுப்பிலிருந்து வளைந்து, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதற்கு "கூன் கிழவி" என்று பெயர் வைத்துச் சிரித்தோம். நோய் அப்போதும் இருந்தது, பெயர்தான் வேறு.

சரி, வந்த வலிக்கு என்ன செய்வது? எனக்குச் சொல்லப்பட்டதையும், செய்து பலன் கண்டதையும் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். காலுக்குப் பத்துத் தடவை, தினமும். தொடைச் சதை பலமானால் முழங்காலுக்குப் பாரம் குறையும். ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். வலிக்கிறது என்று படுத்தே இருக்காதீர்கள், நடையை நிறுத்தாதீர்கள்.

எல்லா வலியும் வேலையால் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கி, மடக்க முடியாமல் ஒரு மணி நேரம் இறுகிக் கிடந்தால் அது ருமட்டாய்டு என்ற வேறு நோயாக இருக்கலாம். நடு வயதுப் பெண்களுக்கு அதிகம் வருவது. சீக்கிரம் டாக்டரைப் பார்த்தால் மூட்டுக் கோணிப் போகாமல் காப்பாற்றலாம். 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் போன பிறகும் மாதக் கணக்கில் மூட்டு வலியோடு கிடந்தவர்களை நாம் பார்த்தோமே. ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினாலும், கால் மரத்துப் போனாலும் அன்றே போங்கள். இதற்கெல்லாம் "வயசாச்சு" என்று பதில் சொல்லும் டாக்டரிடம், "எனக்கு இன்னொரு காலும் அதே வயசுதானுங்க, அது ஏனுங்க வலிக்கலை?" என்று கேளுங்கள்.

நம் தலைமுறையின் முழங்கால்கள் போனது போனதுதான். ஆனால் நம்மில் பலர் இன்று பட்டறை வைத்திருக்கிறோம், கடை வைத்திருக்கிறோம், அல்லது வைத்திருக்கும் மகனுக்கு அப்பாவாக இருக்கிறோம். நம் வீட்டுப் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிற நமக்கு, அதை ஓட்டுகிறவனுக்கு உட்கார ஒரு பலகை போடுவது பெரிய காரியம் இல்லை. துணிக்கடைக்குப் போனால் ஸ்டூல் எங்கே என்று முதலாளியைக் கேளுங்கள். நம் வெள்ளை முடிக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை பாக்கி இருக்கிறது. அதை இதற்குச் செலவழிக்கலாம்.