கணிப்பில் ஜெயித்தவர் ஓட்டில் தோற்றது எப்படி?

அமெரிக்காவில் 4 ஆண்டுக்கு ஒரு முறை ஜனாதிபதி தேர்தல். பிரசாரம் சூடுபிடித்து விட்டால் போதும்... தினம் ஒரு கருத்துக் கணிப்பு! "இவருக்கு 48 சதவீதம், அவருக்கு 45" என்று காலையில் ஒரு கணக்கு. மாலையில் வேறொரு கணக்கு. படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கருத்துக் கணிப்பும் இதேதான். நன்றாகக் கிளறி எடுத்தால் ஆயிரம் பேரே போதும், நாட்டின் நாடி தெரிந்து விடும். மேலாக அள்ளினால்? அடி பிடித்திருப்பது தெரியாமலே போய்விடும்!

லட்சம் லட்சமாகக் கேட்டும்...

1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி ஓட்டுச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் போட்டார்கள். "லாண்டனுக்கே வெற்றி" என்று பத்திரிகை அடித்துச் சொன்னது.

ஓட்டுகளை எண்ணினால்... 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட் பக்கம்!

காரணம் என்ன? டெலிபோன் டைரக்டரி, கார் வைத்திருப்போர் பட்டியல் இவற்றில் இருந்துதான் பெரும்பாலான முகவரிகளை எடுத்தார்கள். அதுவோ வேலையில்லாத் திண்டாட்டக் காலம். டெலிபோனும் காரும் இல்லாத ஏழைகளை யார் கேட்டது? அதோடு, சீட்டு கிடைத்தவர்களில் நாலில் மூன்று பேர் பதிலே போடவில்லை. மிகக் குறைந்த பேரை, பல தரப்பிலும் பார்த்துக் கேட்ட ஜார்ஜ் காலப், "ரூஸ்வெல்ட்தான்" என்று சரியாகச் சொன்னார். 2 ஆண்டில் 'லிட்டரரி டைஜஸ்ட்' கடையைக் கட்டியது.

காலப்பும் சறுக்கினார்

அதே காலப் 1948-ல் சறுக்கினார். டூயி ஜெயிப்பார் என்றார். மற்றக் கணிப்பாளர்களும் அதையே சொன்னார்கள். "முடிவுதான் தெரிந்து விட்டதே" என்று ஓட்டுப்பதிவுக்கு முன்பே கணிப்பை நிறுத்தி விட்டார்கள். கடைசி நேரத்தில் ஜனங்கள் மனம் மாறியது தெரியவில்லை. ஜெயித்தவர் ட்ரூமன்! 'டூயி வெற்றி' என்று முந்திக்கொண்டு அச்சடித்த சிகாகோ பத்திரிகையை, ட்ரூமனே கையில் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

3 சதவீத மர்மம்

ஆயிரம் பேரைக் கேட்டால், கணக்கு 3 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 48 என்பது 45 ஆகவும் இருக்கலாம். 45 என்பது 48 ஆகவும் இருக்கலாம். அப்படியென்றால் "3 சதவீதம் முன்னணி" என்ற கொட்டை எழுத்துச் செய்திக்கு என்ன அர்த்தம்? போட்டி கடுமை என்பதுதான். வேறொன்றும் இல்லை.

இன்னொரு சங்கடம். போன் செய்தால் இப்போது யார் பேசுகிறார்கள்? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் போன் கணிப்புகளுக்கு 1997-ல் 100-க்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018-ல் வெறும் 6 பேர்! பேச மறுத்த 94 பேர் மனதில் என்ன இருந்ததோ?

78 ஆயிரம் ஓட்டு

2016-ல் நடந்ததை மறக்க முடியாது. ஹிலாரி கிளிண்டன் சுமார் 3 சதவீதம் முன்னணி என்றன நாடு தழுவிய கணிப்புகள். அது பெரிய தப்பு இல்லை. அவருக்கு டிரம்ப்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு கிடைத்தது. ஆனாலும் ஜனாதிபதி ஆனவர் டிரம்ப்!

அங்கே மொத்த ஓட்டு செல்லாது. மாநிலவாரியாகத் தேர்வாளர்கள், மொத்தம் 538. அதில் 270 பிடித்தவரே ஜனாதிபதி. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய 3 மாநிலங்களிலும் சேர்த்து டிரம்ப்புக்குக் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 78 ஆயிரம் ஓட்டு. நாற்காலி மாறி விட்டது!

மாநிலக் கணிப்புகள்தான் காலை வாரின. கல்லூரி படித்தவர்கள் அதிகமாகப் பதில் சொன்னார்கள். படிக்காதவர்கள் சொன்னது குறைவு. பல கணிப்புகள் அதைச் சரிக்கட்டவில்லை. 80 ஆண்டு கழித்தும் அதே 1936 பாடம்!

2024-ல் கமலா ஹாரிசுக்கும் டிரம்ப்புக்கும் இழுபறி என்றன கணிப்புகள். இழுபறி என்ற 7 மாநிலங்களையும் டிரம்ப் அள்ளினார். நாடு முழுவதும் வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை.

எப்படிப் படிப்பது?

கணிப்பைப் பார்த்ததும் 4 கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேரைக் கேட்டார்கள்? எப்படிப் பொறுக்கினார்கள்? எந்தத் தேதியில் கேட்டார்கள்? காசு கொடுத்தது யார்? பதில் இல்லாத கணிப்பைத் தள்ளி விடலாம். ஒரே கணிப்பை நம்புவதைவிடப் பத்தைச் சேர்த்துப் பார்ப்பது மேல். ஆனால் பத்தும் ஒரே பக்கம் சாய்ந்து தப்பு செய்வதும் உண்டு.

கணிப்பு என்பது அன்றைக்கு எடுத்த போட்டோ. ஜாதகம் ஆகாது. "நம்ம ஆள் ஜெயிச்சாச்சு" என்று வீட்டில் இருப்பவரும், "தோத்தாச்சு, போய் என்ன பண்ண?" என்று சலிப்பவரும் அந்த 78 ஆயிரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். கணிப்புக்காரர் எண்ணுவது ஆயிரம் பேரை. பெட்டியில் எண்ணுவது, போய்ப் போட்டவர் ஓட்டை மட்டும்!