பூசுமுன் துடையுங்கள்

அமெரிக்காவில், மோட்டாருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் பிரயாண வீடுகள் உண்டு. 1936-இல் வெளிவந்த 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' அவற்றுள் பெயர் பெற்றது. இவ்வண்டிகளுக்குப் பெரும் பகை மழை ஜலம். கூரை மூட்டுக்களில் அடைத்த பசை வெயிலில் வெடித்தால், ஜலம் உள்ளே கசிந்து, மரச் சட்டம் வெளிக்குத் தெரியாமலே மக்கிப்போகும்.

அவசரக்காரர் என்ன செய்கிறார்? பழைய பசையின் மேலேயே புதியதை அப்பிவிடுகிறார். புழுதியிலும் எண்ணெயிலும் பசை பற்றாது. பழைய ஸிலிகோன்மீது அநேகமாக எதுவுமே ஒட்டாது. தளர்ந்ததைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, சோப்பு ஜலத்தால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாய் உலரவிட வேண்டும். ரப்பர்க் கூரையானால் பெட்ரோல் படவே கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

பழைய கணக்கை அழிக்காத சிலேட்டில் புதுக் கணக்கு எழுதும் பையனைக் கோபித்துக்கொள்கிறோம். பெரியவர்கள் அப்படிச் செய்தால் அதற்கு 'ரிப்பேர்' என்று பெயர்!