தாரைத் திட்டும் முன் குழாயைப் பாருங்கள்

மழை விட்டதும் பாதி ரோட்டைக் காணோம் என்றால், ‘கான்ட்ராக்டர் தின்றுவிட்டான்’ என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். பல சமயம் அது நிஜமும்கூட. ஆனால் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால், தாருக்கு அடியில் கிடக்கும் சிறுபாலத்துக் குழாயைத்தான் முதலில் விசாரிக்கத் தோன்றுகிறது.

அங்கே 2023 ஜூலை 10, 11 தேதிகளில் பெருவெள்ளம். 2024-லும் அதே தேதிகளில் வெள்ளம். அந்தச் சேதத்தைச் சரிசெய்து முடிப்பதற்குள், ஜூலை 29 இரவு மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் மறுபடியும் இடிமழை. ஓர் இடிமேகம் கொட்டிவிட்டு நகர்ந்துவிட்டால் பெரிய பாதிப்பு இருக்காது. அன்றைக்கு ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் வந்தன. செயின்ட் ஜான்ஸ்பரி பக்கம் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஏற்கெனவே ஊறிக் கிடந்த மண் எவ்வளவைத்தான் குடிக்கும்?

வெர்மான்ட் மலைநாடு. ஓடை போகும் பள்ளத்தாக்கில்தான் ரோடும் போகும். பாதிக்கு மேல் கிராவல் ரோடுகள். வெள்ளம் உருட்டிவரும் கல்லும் மரமும் குழாயின் வாயை அடைத்துவிட்டால், அணையாக இருக்கவென்று கட்டாத ரோடு அணையாகிவிடுகிறது. தண்ணீர் ஏறி, ரோட்டைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் விழுகிறது. விழுந்த இடத்தில் மண்ணைப் பறித்து, அங்கிருந்து பின்னோக்கி அரித்துக்கொண்டே வருகிறது. கடைசியில் தார்ப்பாளம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். காரில் வருகிறவர் கண்ணுக்கு ரோடு நன்றாகத்தான் தெரியும். வெள்ளம் மூடிய ரோட்டில் வண்டியை விடாதீர்கள் என்று எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் அதன் வாய் நான்கு மடங்காகிறது. மரக்கட்டையும் நுழைந்து போய்விடும். 2011-இல் ஐரீன் புயல் 800 கிலோமீட்டர் அளவுக்கு மாநிலச் சாலைகளைச் சேதப்படுத்திய பிறகு, ஓடையின் அகலத்துக்கு ஏற்ற சிறுபாலம் என்ற விதி அங்கே வலுப்பெற்றது. காரணம் பொறியியல் மட்டுமல்ல, பணமும்தான். மத்திய அரசின் பேரிடர் நிதி பொதுவாக ‘இருந்ததை இருந்தபடி’ கட்டத்தான் கிடைக்கும். பெரிய குழாய்க்குப் பணம் கேட்க வேண்டுமானால், அந்த அளவு முன்கூட்டியே விதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கேட்டுக் கிடைத்தாலும் அந்த நிதி வழக்கமாகச் செலவில் 75 சதவீதத்தைத்தான் ஏற்கும்; மிச்சத்தில் ஒரு பங்கு ஊர்க்காரர்களின் சொத்துவரியில் விழும். சில ஆயிரம் பேரே உள்ள ஊருக்கு அது சுமைதான். ஆனாலும் அடித்துப்போன பழைய அளவுக் குழாயையே மறுபடி புதைப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025 ஜூலை 10 அன்றும் அதே வடகிழக்கு மூலையில் திடீர் வெள்ளம் வந்தது.