கிலோமீட்டரைக் காட்டிப் பள்ளிப் பிள்ளைகளின் வாகன வசதியை மறுக்கும் விதிமுறைகளுக்கு வன்மையான கண்டனம்

சங்கரன்கோவில் வட்டாரப் பெற்றோர் சங்கத்தின் அறிக்கை



அரசுப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அரசு செலவில் வாகன வசதி தரும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை முடிவு செய்யும் விதிமுறைகள், உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளைகளையே வெளியே நிறுத்துகின்றன. இந்த விதிமுறைகளையும், அவற்றை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் மெத்தனம் காட்டும் மத்திய, மாநில அரசுகளின் போக்கையும் எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. தமிழ்நாட்டு விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். அவ்வாறு பள்ளி இல்லாத ஒதுக்குப்புறக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை வாகனச் செலவு அனுமதிக்கப்படுகிறது. 2021-ல் திட்டத்தைத் திருத்தியபோது இடைநிலை வகுப்புகளுக்கும் இதை விரிவுபடுத்தினார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளி எத்தனை தொலைவில் இருக்க வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதிப்பதற்காக எழுதப்பட்ட எண், இன்று பிள்ளைக்கு உதவியை மறுப்பதற்கான எண்ணாக மாறிவிட்டது. இதுவே எங்கள் முதல் கண்டனம்.

2.8 கிலோமீட்டர் தூரத்தில் பள்ளி இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை நடந்தே வரலாம் என்று கணக்கு சொல்கிறது. அந்த 2.8 கிலோமீட்டர் எப்படிப்பட்ட வழி என்று யார் கேட்பது? எங்கள் வட்டாரம் கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுப்பாதை குழைந்துவிடும். செருப்பை மண் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அந்தப் பாதையும் கிடையாது, சுற்றுவழிதான். சில ஊர்ப் பிள்ளைகள் திருநெல்வேலி - ராஜபாளையம் சாலையைக் கடந்தாக வேண்டும். லாரிகளும் பேருந்துகளும் ஓயாமல் பறக்கும் சாலையைப் பத்து வயதுப் பிள்ளை தனியாகக் கடப்பதைத் தூரக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

துணைக்கு ஆள் அனுப்பக் கூடாதா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பிழைப்பை அறியாதவர்கள். மல்லிகை பறிக்கப் போகும் தாய் விடிவதற்கு முன்பே காட்டில் இருப்பாள். விசைத்தறிக்குப் போகிறவர்களுக்கு ஷிப்டு. திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையிலேயே வேலை தொடங்கிவிடும். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு. இந்த நிலையில் உள்ள குடும்பத்திடம் “இன்னும் 200 மீட்டர் தள்ளி வீடு இருந்தால் கொடுத்திருப்போம்” என்று சொல்வது எந்த வகை நியாயம்?

பாதுகாப்பைக் கணக்கில் எடுப்பது நாங்கள் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. வெள்ளம், சாலையின்மை, பிள்ளைகள் வரும் வழியில் ஆபத்து ஆகியவை உள்ள இடங்களில் தூர வரம்பைக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றன. இங்கிலாந்திலும் தூர வரம்பு உண்டு: எட்டு வயதுக்குக் கீழே 2 மைல், அதற்கு மேலே 3 மைல். ஆனால் அங்கே பிள்ளை பாதுகாப்பாக நடந்து செல்லக்கூடிய வழியைத்தான் அளக்க வேண்டும் என்பது சட்டம். நடக்க ஆபத்தான வழி என்றால் தூரம் குறைவாக இருந்தாலும் இலவச வாகனம் தர வேண்டும். அந்த நியாயம் சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு மட்டும் பொருந்தாதா?

எங்கள் இரண்டாவது கண்டனம், 6,000 ரூபாய் உச்சவரம்பைப் பற்றியது. பள்ளி 200 நாள் நடப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய். போக 15, வர 15. பதினைந்து பிள்ளைகள் உள்ள ஊரென்றால் சேர்த்து ஒரு வேனைப் பேசிவிடலாம். மூன்றே பிள்ளைகள் உள்ள குடியிருப்புக்கு நாளுக்கு 90 ரூபாய்தான். ஒரு லிட்டர் டீசல் போடக்கூட அது போதாது. காலையில் வந்து ஏற்றி, இறக்கி, மாலையில் மறுபடி வந்து போகும் ஆட்டோக்காரர் இதற்கு எப்படிச் சம்மதிப்பார்? வண்டிக்கு ஆகும் செலவு பிள்ளைகளின் தலையை எண்ணிக் குறையாது. ஆள் குறைந்த, தொலைவான குடியிருப்புகளுக்காகவே தீட்டப்பட்ட திட்டம், ஆள் குறையக் குறையப் பணத்தையும் குறைக்கிறது. மீதியைப் பெற்றோர் தலையில் கட்டுகிறார்கள். கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள் அளவுக்கு மீறி ஆளேற்றிய ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போகிறார்கள். பள்ளி வாகனங்களின் பாதுகாப்புக்காக 2012-ல் தனி விதிகள் கொண்டுவந்த மாநிலம் இது. அந்த விதிகள் எட்டிப் பார்க்காத வண்டிகளில் ஏழைப் பிள்ளைகளை ஏற்றிவிடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

மூன்றாவது, “இலவச பஸ் பாஸ் இருக்கிறதே” என்று கைகழுவும் போக்கு. மாணவர்களுக்கான இலவசப் பயண அட்டை தமிழ்நாட்டின் பெருமைக்குரிய திட்டம். அதனால் படித்து முன்னேறியவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டை அரசுப் பேருந்தில்தான் செல்லும். மினி பஸ் மட்டுமே வரும் ஊரில் பிள்ளை காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். அரசுப் பேருந்து வரும் ஊர்களிலும் அது பள்ளி நேரத்துக்கு வர வேண்டுமே! முதல் வண்டியை விட்டால் அடுத்த வண்டி மணியடித்த பிறகுதான் என்றால் அட்டையால் என்ன பயன்? தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தை நாங்கள் மனமார வரவேற்கிறோம். தாமதமாக வந்து சேரும் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடும் இல்லை, முதல் பாடமும் இல்லை.

விலையில்லா சைக்கிளும் பதினொன்றாம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளை எதில் வருவது? பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கிய பிறகு, உயர்நிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை சுமார் 32 விழுக்காடு உயர்ந்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். போக வர வழி இருந்தால் பெண் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வழி இல்லாவிட்டால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: எட்டாம் வகுப்போடு படிப்பு நிற்கும், அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சு.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் நிலை இன்னும் கொடுமை. அவர்களுக்கும், கூடுதல் ஆதரவு தேவைப்படுகிறவர்களின் துணையாளருக்கும் போக்குவரத்து வசதி செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அரைக் கிலோமீட்டரும் நடக்க முடியாத தூரம்தான். அவர்களிடம் தூரக் கணக்கு பேசுவது சட்டத்துக்கே விரோதம்.

இத்தனைக்கும் நடுவில், மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2024-25 ஆம் ஆண்டுப் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் வாகனச் செலவும் இதே திட்டத்தின் கீழ் வருவதுதான். கொள்கைத் தகராறுக்குக் குழந்தைகளின் பணத்தைப் பிணையாக வைத்த செயலை நாங்கள் கடுமையாகக் கண்டிக்கிறோம். அதே நேரத்தில், மத்திய நிதி வரவில்லை என்பதைக் காரணம் காட்டி மாநில அரசும் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது. சிற்றூர்தோறும் பள்ளி திறந்த காமராஜர் ஆட்சியின் வழிவந்த மாநிலம், அந்தப் பள்ளிக்குப் பிள்ளை வந்து சேரும் வழியையும் தன் கடமையாகவே ஏற்க வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. தூரத்தை மட்டும் வைத்துத் தகுதியை முடிவு செய்வதைக் கைவிட வேண்டும். ஓடை, நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஆள் நடமாட்டமில்லாத காட்டுவழி ஆகியவை குறுக்கிட்டால் தூரம் எதுவாயினும் வாகன வசதி தர வேண்டும்.

2. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கை மாற்றி, குடியிருப்புக்கு ஆகும் உண்மையான வண்டிச் செலவை வழங்க வேண்டும். மத்திய அரசு 6,000 ரூபாய் வரம்பை உயர்த்த வேண்டும். அதுவரை மீதியை மாநில அரசு ஏற்க வேண்டும். பிளஸ் டூ வரை இந்த வசதி நீடிக்க வேண்டும்.

3. பயனாளிகளைத் தேர்வு செய்யும்போது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். வழியை அறிந்தவர்கள் அவர்களே. மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தந்து, மேல்முறையீட்டுக்கும் இடமளிக்க வேண்டும்.

4. சங்கரன்கோவில், குருவிகுளம், மேலநீலிதநல்லூர் ஒன்றியங்களில் பேருந்து நேரத்தைப் பள்ளி நேரத்தோடு பொருத்த வேண்டும். மினி பஸ்களிலும் மாணவர் பயண அட்டை செல்லும்படி அரசு ஈடு செய்ய வேண்டும். சைக்கிளை ஆறாம் வகுப்பு முதலே வழங்க வேண்டும்.

5. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தூர நிபந்தனை ஏதுமின்றித் துணையாளருடன் வாகன வசதி தர வேண்டும்.

6. வாகனச் செலவுத் தொகையைக் கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே விடுவிக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளை மனுவாக எழுதி, தென்காசி மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பெற்றோர் அனைவரும் திரண்டு அளிப்போம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சியிலும் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள், எந்த வழியாக, எத்தனை மணிக்குக் கிளம்பிப் பள்ளிக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை எழுதி எடுத்து வாருங்கள். அதிகாரிகளின் மேசையில் அந்தப் பட்டியலை வைத்துப் பேசுவோம். தீர்வு கிடைக்காவிட்டால் சங்கரன்கோவிலில் அறவழியில் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்துவோம் என்பதையும் இதன் மூலம் அறிவிக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சங்கரன்கோவில் வட்டாரப் பெற்றோர் சங்கம்