பதினாலு குடித்தனமும் ஒரு பேட்டரியும்

டோல்கேட்டில் இப்போது டோலும் கிடையாது, கேட்டும் கிடையாது. மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, 2021 பிப்ரவரியிலிருந்து. அந்தத் தூண்களுக்குப் பின்னால் ஒரு மாடியில் கிளியரிங் ஆபீஸ் ஒன்று. கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்து கப்பலேற்றுகிறவர்கள். வாரத்தில் மூன்று சாயங்காலம் அங்கே நான் கணக்கு எழுதுகிறேன். பத்தி எழுதியே குடும்பம் நடத்தலாம் என்று நம்புகிறவர்கள் ஆசிரியருக்கு ஒரு கார்டு போடவும்.

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. ராத்திரி பத்து மணி சுமாருக்கு, ஜி.எஸ்.டி. கணக்கோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயிக்கிற நேரத்தில் கரெண்ட் போயிற்று.

கரெண்ட் போனால் ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது தமிழர் பண்பாடு. எதிர்வீட்டில் இல்லை என்றால் ஒரு நிம்மதி. அன்றைக்கு அளவுக்கு மீறிய நிம்மதி. தண்டையார்பேட்டை பக்கம் இருட்டு. காலடிப்பேட்டை பக்கம் இருட்டு. மணலி துணைமின் நிலையத்தில் கோளாறு, சென்னையில் பெரும்பகுதி இருட்டு என்று பிற்பாடு தெரிந்தது.

வாட்ச்மேன் டார்ச்சோடு வந்தார். "இன்னா சார், ஊரே பூட்ச்சு!"

"ஜெனரேட்டரைப் போடுண்ணா."

கீழே போனார். 'கிர்ர்' என்று ஒரு முனகல். அப்புறம் மௌனம். டீசல் தளும்பத் தளும்ப இருந்தது. ஸ்டார்ட் செய்கிற பேட்டரிதான் செத்துப் போயிருந்தது. மின்சாரம் தயாரிக்கிற இயந்திரத்துக்கு முதலில் கொஞ்சம் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது கடவுளின் நகைச்சுவை.

கோடி அறையிலிருந்து 'பீப்... பீப்...' என்று சத்தம். சர்வர் ரூம். யூ.பி.எஸ். திரையில் 24 நிமிஷம் என்று காட்டியது. மறுநாள் காலை கப்பலுக்கு உள்ளே போக வேண்டிய கண்டெய்னர்களின் காகிதம் எல்லாம் அந்த அறைக்குள். ஒன்பது வருஷக் கணக்கும் அதற்குள்தான்.

அந்த அறையைப் பற்றி இரண்டு வார்த்தை. உள்ளே மூன்று சர்வர் பெட்டிகள், ஒரு சேமிப்புப் பெட்டி. ஆனால் கம்ப்யூட்டர்கள் எத்தனை என்று கேட்டால் பதினாலு என்பார்கள். புரியவில்லையா? ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனம் பார்த்திருப்பீர்களே, அதுதான். ஒரே வீடு, ஒரே மீட்டர், உள்ளே அஞ்சு குடும்பம். ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தனி வீடு என்று நினைத்துக்கொண்டு வாழும். இதற்கு இங்கிலீஷில் விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். சேமிப்புப் பெட்டி, எல்லோரும் தண்ணீர் எடுக்கும் பொதுக் குழாய். மூன்று வீட்டையும் சேர்த்துக் கட்டினால் க்ளஸ்டர். ஒரு வீடு இடிந்தால் அதிலிருந்த குடித்தனங்கள் தாமாகவே அடுத்த வீட்டில் ஏறிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்கு ஹெச்.ஏ. என்று பெயர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாமல்தான் அவதிப்பட்டேன்.

பட்டென்று அணைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவனுக்கு இது புரியும். முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு. கம்ப்யூட்டரும் அப்படித்தான். நல்ல டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பில் எழுதிவிட்டு, அப்புறம் சாவகாசமாக உரிய இடத்தில் ஏற்றும். நடுவில் கரெண்ட் போனால் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பழைய புரோகிராம்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பாதி எழுதினது பாதியிலேயே நிற்கும். நினைவில் இருந்து டிஸ்க்குக்குப் போகாதது போயே போயிற்று. ஆகவே ஒவ்வொரு குடித்தனத்தையும் கதவைத் தட்டி, "ஐயா, கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியது சிஸ்டம் பையன். அவனுக்குப் போன் போட்டேன். திருநெல்வேலி ரயிலில் இருந்தான். தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

"கவலையே படாதீங்க ஸார். எந்த வரிசையில நிறுத்தணும்னு ஸ்டெப் பை ஸ்டெப்பா எழுதி வெச்சிருக்கேன்."

"எங்கேப்பா?"

"சர்வர்லதான் ஸார்."

ரயில் ஏதோ ஒரு சிக்னல் இல்லாத ஊருக்குள் நுழைந்தது. என் மேஜைக் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் இல்லை. தீயணைப்பு நிலையத்தின் போன் நம்பரை, எரிகிற வீட்டுச் சுவரில் எழுதி வைத்த மாதிரி. பாஸ்வேர்டு மட்டும் சர்வர் ரூம் கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டில் இருந்தது. பாதுகாப்பு நிபுணர்கள் இதைப் பாவம் என்பார்கள். அன்றைக்குப் புண்ணியம்.

வேறு வழியில்லாமல் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எண்ணூர் அனல் மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1970-ல் ஓட ஆரம்பித்த 450 மெகாவாட் நிலையம் அது. 2017 மார்ச் 31-ல் மூடிவிட்டார்கள். அப்பாவை மூட முடியவில்லை. வீட்டில் மிக்ஸி நின்றால்கூட, "டிரிப்பா, ஷட்டவுனா?" என்று கேட்பார்.

"எவ்ளோ நிமிஷம் காட்டுது?"

"இருபத்து நாலு. கரெண்ட் வந்துடும்ப்பா. பத்து நிமிஷம் பார்த்துட்டு..."

"டேய், பேட்டரி ஓட்டறதுக்குக் குடுத்தது இல்லடா. நிறுத்தறதுக்குக் குடுத்தது."

பிறகு அந்த அவசரத்திலும் ஒரு பாடம். டர்பைன் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும். மின்சாரம் மொத்தமும் போனாலும் அந்தக் கனத்துக்கு உடனே நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது பேரிங்குக்கு எண்ணெய் போகவில்லை என்றால் உருகிப்போகும். அதற்காகவே பேட்டரியில் ஓடும் ஓர் எண்ணெய் பம்ப் வைத்திருப்பார்கள். அதை வைத்து ஒரு பல்புக்குக்கூட மின்சாரம் தயாரிக்க முடியாது. டர்பைன் சேதமில்லாமல் நிற்பதற்கு மட்டும்தான் அது. நின்ற பிறகும் விடமாட்டார்கள். சூடு ஆறும்வரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இல்லாவிட்டால் தண்டு வளைந்துவிடும்.

"நீ டென்ஷன் ஆவாத. யார் யார் மேல சாஞ்சிருக்காங்கன்னு பாரு. சாயறவனை முதல்ல இறக்கு. தாங்கறவனைக் கடைசியா இறக்கு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். வைத்ததும் புத்திசாலித்தனம் வந்துவிட்டது. ஒவ்வொரு கதவாக எதற்குத் தட்ட வேண்டும்? முதல் பெட்டியின் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் அஞ்சு குடித்தனம் ஒரே போடில் காலி. அமுக்கினேன்.

அணைந்தது. வெற்றிப் புன்னகையோடு திரும்பினேன். பக்கத்துப் பெட்டியின் விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி அலறியது. திரையில் பார்த்தால், நான் கொன்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக அடுத்த வீட்டில் உயிரோடு எழுந்துகொண்டிருந்தார்கள். வீடு இடிந்துவிட்டதாக நினைத்து க்ளஸ்டர் தன் கடமையைச் செய்தது. ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிற மாதிரி ஏற்றிக்கொண்டது.

யூ.பி.எஸ். 13 நிமிஷம் என்றது.

போன் அடித்தது. ரயில் சிக்னலுக்கு வந்துவிட்டது. "ஸார், எதையும் தொடறதுக்கு முன்னாடி ஹெச்.ஏ.வை ஆஃப் பண்ணிடுங்க ஸார்."

"தொட்டுட்டேனேப்பா."

அரை நொடி அமைதி. நல்ல பையன், திட்டவில்லை. முதலில் அந்த ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னான். பிறகு ஒவ்வொரு குடித்தனமாக. மெனுவில் அடுத்தடுத்து இரண்டு வரி இருந்தன. 'பவர் ஆஃப்' என்றால் கழுத்தை நெரிப்பது. 'ஷட் டவுன் கெஸ்ட்' என்றால் கதவைத் தட்டிச் சொல்வது. இரண்டாவதை அமுக்கச் சொன்னான்.

யார் யார் மேல் சாய்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு இறக்கினேன். சோதனைக்காக வைத்திருந்தவை முதலில். அடுத்து வருகைப் பதிவு. அதற்குக் காது பொருத்தவே மறந்திருந்தார்கள். எத்தனை தட்டினாலும் கேட்கவில்லை. உள்ளே போய்த்தான் அணைக்க வேண்டியிருந்தது. பிறகு கப்பல் காகித புரோகிராம். அது யார் மேல் சாய்ந்திருந்ததோ அந்த டேட்டாபேஸ் அதற்குப் பிறகு. அப்புறம் ஃபைல் சர்வர். யார் உள்ளே வரலாம், யார் வீடு எங்கே என்று எல்லோருக்கும் சொல்லும் வாசல்காரன் ஒருவன் உண்டு. அவனை அதுவரைக்கும் வைத்திருந்து அனுப்பினோம். குடித்தனங்களில் கடைசி, க்ளஸ்டரையே மேய்க்கும் மேஸ்திரி. அவரும் ஒரு குடித்தனம்தான், மூன்று வீட்டில் ஏதோ ஒன்றில் வசிக்கிறார். அவரை முதலில் அனுப்பிவிட்டால் மற்றவர்களை இருட்டில் வீடு வீடாகத் தேட வேண்டியதுதான். பிறகு இரண்டு பெட்டிகள். அதற்கப்புறம்தான் பொதுக் குழாய். கடைசியில் நெட்வொர்க் ஸ்விட்ச்.

நடுவில் 11 என்று காட்டிய யூ.பி.எஸ். ஒரே தாவலில் 6 என்றது. கிழட்டு பேட்டரி காட்டும் நிமிஷம், கல்யாணத் தரகர் சொல்லும் வயசு மாதிரி. அப்படியே நம்பக் கூடாது. ஸ்விட்சை அணைத்தபோது 2. சட்டை முழுக்கத் தொப்பல்.

நள்ளிரவு தாண்டி மின்சாரம் வந்தது. கை பரபரத்தது. அப்பாவிடமிருந்து போன்: "வந்ததும் போடாத. அரை மணி பாரு. முதல்ல வர்றது நிக்காது."

அப்பா சொன்னது லண்டனுக்கும் பொருந்தும். 2017 மே 27-ல் ஹீத்ரோ அருகே பிரிட்டிஷ் ஏர்வேஸின் டேட்டா சென்டரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. போனதைவிட, கட்டுப்பாடில்லாமல் திரும்பி வந்ததுதான் இயந்திரங்களைச் சேதம் செய்தது என்று அந்தக் கம்பெனித் தரப்பே சொன்னது. சுமார் 75,000 பயணிகள் திண்டாடினார்கள். விமானக் கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் டோல்கேட் மாடி எம்மாத்திரம்?

அரை மணி பொறுத்தோம். நிறுத்தின வரிசையைத் தலைகீழாக்கினால் போடுகிற வரிசை. முதலில் ஸ்விட்ச், அடுத்து பொதுக் குழாய். குழாயில் தண்ணீர் நன்றாக வந்த பிறகு பெட்டிகள். அப்புறம் மேஸ்திரி, வாசல்காரன், டேட்டாபேஸ், மற்றவர்கள். காலையில் கண்டெய்னர் எல்லாம் நேரத்துக்கு உள்ளே போயிற்று.

சேதம் ஒன்றே ஒன்று. நான் பொத்தானை அமுக்கி ஒரே போடில் காலி செய்த ஐந்தில் ஒன்று, பழைய கணக்கு புரோகிராம். அன்றைய பதிவுகளின் ஃபைல் திறக்கவே இல்லை. என் மூன்று மணி நேர ஜி.எஸ்.டி. அதற்குள்தான் இருந்தது. என் கையால் என் வேலையை நானே கொன்றிருக்கிறேன்.

மறுநாள் பஞ்சாயத்து. பேட்டரி மாற்றி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இந்த வகை லெட் ஆசிட் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருஷம் வந்தால் பெரிசு. அதுவும் 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. ராத்திரியில் அந்த அறையின் ஏ.சி.யை அணைத்து முதலாளி மிச்சம் பிடித்த காசை பேட்டரி கூட்டி வைத்திருந்து வசூலித்துவிட்டது. யூ.பி.எஸ்.ஸோடு ஒரு கேபிள் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டினால் மின்சாரம் போன சில நிமிஷத்தில் அதுவே சர்வர்களுக்குச் சொல்லி, வரிசையாக நிறுத்தச் செய்யலாம். கேபிள் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல், பீரோவில் பத்திரமாக இருந்தது. நம் வீட்டு ரிமோட் மாதிரி.

சிஸ்டம் பையன் நிச்சயதார்த்தம் முடிந்து அல்வாவோடு வந்ததும் மூன்று பேராக உட்கார்ந்தோம். மூன்றாவது ஆள் அப்பா. மெட்ரோவில் ஏறி வந்தார். எல்லாவற்றையும் நிறுத்த நிதானமாகப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தியே பார்த்தோம். மின்சாரம் போய் ஐந்து நிமிஷத்தில் வரவில்லை என்றால் ஆரம்பித்துவிட வேண்டும், யாரையும் கேட்க வேண்டாம் என்று முடிவு. கேபிளை மாட்டியாயிற்று. கேபிளும் ஒருநாள் மறக்கும் என்று, வரிசையை அப்பா தன் கையெழுத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். லேமினேட் செய்து சர்வர் ரூம் கதவில், டார்ச் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். முதல் வரி: ஹெச்.ஏ.வை நிறுத்து. அதன் கீழே சிவப்பு மையில் பையன் சேர்த்தது: பொத்தானை அமுக்காதே.

லேமினேஷன் முப்பது ரூபாய். வவுச்சர் போட்டேன். எந்தத் தலைப்பில் என்று முதலாளி கேட்டார். 'இயந்திரப் பராமரிப்பு' என்றேன். பார்த்துவிட்டு, "இது ரிப்பேர் செலவு இல்லப்பா, இன்ஷூரன்ஸ்ல போடு" என்றார்.

அவர் பி.காம். கூடப் படிக்கவில்லை.